அத்தியாயம் 3: ஓதம் பார்த்து வண்ணம் பூசு

ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டி ஓய்ந்த மறுநாள் காலை, உங்கள் வீட்டு பெயிண்ட் வேலையைத் தொடங்குங்கள். பிரஷ் வேண்டாம், ஒரு பென்சில் போதும். ஒவ்வொரு அறையாகப் போய், சுவரிலும் கூரையிலும் ஈரம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்து, அதன் விளிம்பிலேயே மெல்லக் கோடு இழுத்து, பக்கத்தில் தேதியைக் குறியுங்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் செய்யுங்கள். கார்த்திகை முடியும்போது, தண்ணீர் எங்கே நுழைகிறது, எவ்வளவு தூரம் போகிறது, எத்தனை நாளில் காய்கிறது என்பது சுவரிலேயே எழுதிக் கிடக்கும். வண்ண அட்டையைப் புரட்டுவதற்கு முன் தெரிய வேண்டியது இதுதான்.

நான் இதை நஷ்டப்பட்டுக் கற்றேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வாய்க்காலை ஒட்டி எங்கள் வீடு. முன்கட்டு தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர், பின்கட்டு அப்பா எழுப்பிய சிமெண்டுக் கட்டடம். தங்கைக்குத் தை மாதக் கல்யாணம் என்று மார்கழியில் அவசர அவசரமாக வீடு முழுக்க விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தோம். முகூர்த்தத்தன்று வீடு பளபளவென்று இருந்தது. சித்திரையில் கூடத்துச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்குக் கொப்புளம் கொப்புளமாகப் பெயிண்ட் எழும்பி, தொட்டால் தோலாக உரிந்து கையோடு வந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. பக்கத்துத் தெருவிலிருந்து வயதான மேஸ்திரி ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார்.

“செவுத்துக்குள்ள தண்ணி நிக்குது தம்பி. அது வெளிய வரத்தான் பாக்கும். மேல பிளாஸ்டிக்கப் போத்துனா, அதையும் தூக்கிக்கிட்டுத்தான் வரும்” என்றார்.

“இப்ப என்ன செய்யலாம் மேஸ்திரி?”

“அடிச்சத எல்லாம் சொரண்டிப்புட்டு, ஒரு கோடை முழுக்கச் சும்மா விடுங்க.”

விட்டோம். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகிற பலவற்றுக்கும் அந்தக் கோடையே பள்ளிக்கூடம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

சுவரில் ஈரம் தெரியும் இடத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். தரையிலிருந்து மேலே ஏறி இரண்டு மூன்று அடியில் நின்றுவிட்டால் அது அஸ்திவாரத்து ஓதம். கூரையில் வட்டம் வட்டமாகக் கறை படிந்தால் மொட்டை மாடி. சன்னலின் கீழ் மூலையில் தொடங்கினால் சன்னல் விளிம்பில் தண்ணீர் தங்குகிறது, அல்லது வெளிப்பூச்சு விரிந்திருக்கிறது. மழையே இல்லாத மாதத்திலும் ஒரே இடம் நனைந்திருந்தால் குழாயைச் சந்தேகப்படுங்கள். இரவு படுக்கப்போகும் முன் எல்லாக் குழாயையும் இறுக மூடி, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவையுங்கள். யாரும் குழாயைத் திறப்பதற்கு முன், விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி.

சுவர் காய்ந்துவிட்டதா என்பதில் சந்தேகம் வந்தால், இரண்டடி சதுரத்துக்குக் கனமான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரோடு பொருத்துங்கள். ஒருநாள் முழுக்க விட்டுப் பிரித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. கடைக்காரர் எதைச் சொன்னாலும் அந்தச் சுவரில் அந்த மாதம் பெயிண்ட் அடிக்காதீர்கள்.

பூத்திருக்கும் உப்பை ஈரத்துணியால் துடைப்பது பெரும்பாலோர் செய்யும் தவறு. தண்ணீர் பட்டதும் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கீழே தாளில் விழவைத்து, அள்ளி வெளியே கொட்டுங்கள். பூச்சைத் தட்டிப் பார்க்கையில் பொக்கென்று சத்தம் கேட்டால் அது செங்கலை விட்டுவிட்டது. அந்த அளவுக்குக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டியதுதான். பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் கொத்தனாரிடம் சுண்ணாம்புக் கலவையிலேயே பூசச் சொல்லிக் கேளுங்கள். கெட்டியான சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி, ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு பக்கத்துப் பூச்சை உதிர்க்கும்.

வெடிப்புகளில் தலைமுடி போல் மேலோட்டமாக இருப்பவை பூச்சு காய்ந்ததில் வந்தவை. அவற்றைப் பட்டி வைத்து அடைத்துவிடலாம். சன்னல், வாசல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு அப்படியல்ல. அதன் குறுக்கே ஒரு துண்டுக் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டித் தேதி எழுதுங்கள். சில மாதத்தில் காகிதம் கிழிந்திருந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். பெயிண்டரை விட்டுவிட்டு ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மொட்டை மாடி

வீட்டின் அழகைக் கெடுப்பதில் முதல் இடம், யாரும் ஏறிப் பார்க்காத மொட்டை மாடிக்குத்தான். சருகு அடைத்த தூம்பு ஒன்று போதும். அங்கே தேங்கும் தண்ணீர் கூரையை ஊறவைத்துவிடும். மழைக்கு முன் ஒருமுறை, தீபாவளி கழித்து ஒருமுறை தூம்பு வாயைச் சுத்தம் செய்யுங்கள். ஒரு வாளித் தண்ணீரை மாடியில் கொட்டிப் பாருங்கள். எங்கே ஓடாமல் நிற்கிறதோ அங்கே வாட்டம் கெட்டிருக்கிறது.

பழைய மெட்ராஸ் ஒட்டுக் கூரையிலும், ஒரு தலைமுறைக்கு முந்தைய கான்கிரீட் கூரையிலும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். ஓட்டின் இடுக்குகள் விரிந்ததுதான் பெரும்பாலும் கோளாறு. மொத்தத்தையும் பெயர்த்துவிடலாம் என்று சொல்கிறவரிடம் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். இடுக்கைச் சுரண்டி அடைத்து, உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினாலே பல வீடுகளில் ஒழுக்கு நின்றுவிடுகிறது.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ துளிர்த்திருக்கிறதா என்று பாருங்கள். காகமும் மைனாவும் போட்ட விதை அது. மேலாக வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கு இரண்டாகத் தழைக்கும், வேர் இன்னும் தடித்துச் சுவரைப் பிளக்கும். சுற்றிலும் பூச்சைக் கொத்தி, வேரோடு இழுத்தெடுத்து, குழியைக் கலவையால் அடைக்க வேண்டும். விரல் கனத்தில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

மாடி சரியானதும் அதற்கு வெள்ளைப் பூச்சு கொடுங்கள். சுண்ணாம்பானாலும் கடையில் விற்கும் வெயில் தடுப்புப் பூச்சானாலும், வெள்ளைத் தளம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். சித்திரை இரவில் கீழே படுப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். சுண்ணாம்பு மழையில் கரையும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும்.

தூம்பிலிருந்து இறங்கும் குழாயையும் பின்தொடருங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் அப்போது போட்ட குழாய் உடைந்து, தண்ணீர் சேகரிப்புக் குழிக்குப் போகாமல் சுவரின் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருக்கும். சுவர் ஓதத்துக்கு அதுவே காரணமாக இருப்பதை எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் பார்த்திருக்கிறேன்.

எந்த மாதத்தில்

பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தில் அடிக்கப்பட்டது சுண்ணாம்பு. நீரில் கரைத்து நீர் தெளித்த சுவரில் பூசுவது என்பதால், மழைக்காலத்து ஈரம் மிச்சமிருந்தாலும் அதற்குக் கேடில்லை; ஈரம் அதன் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். பெயிண்ட் வந்த பிறகும் நாம் மாதத்தை மாற்றவில்லை. வடகிழக்குப் பருவமழை விட்டு ஒரு மாதம்கூட ஆகாத சுவரை மார்கழிப் பனியில் பிளாஸ்டிக் படலத்தால் மூடுகிறோம்.

என் யோசனை இது: பொங்கலுக்கு ஒட்டடை அடித்து, பரணை ஒழித்து, சுண்ணாம்புச் சுவர்களுக்கு வெள்ளையும் திண்ணைக்குக் காவியும் கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். பண்டிகைக்கு அது தாராளம். மாடி ஒழுக்கு, பூச்சு வேலை இவற்றைத் தையில் தொடங்குங்கள். புதுப் பூச்சுக்கு ஒரு வாரமாவது விடாமல் தண்ணீர் காட்டி, மொத்தம் நான்கு வாரமாவது ஆறவிடுங்கள். மாசி, பங்குனியில் பெயிண்ட் அடியுங்கள். சித்திரை வெயிலில் வெளிச்சுவருக்கு அடிக்க நேர்ந்தால், காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர் என்று நிழலைத் துரத்திக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். கொதிக்கும் சுவரில் பெயிண்ட் ஒட்டுவதற்கு முன்பே காய்ந்து பின்னால் பொரிந்துவிடும்.

சுண்ணாம்பா, எமல்ஷனா

உங்கள் சுவர் எதனால் ஆனது என்பதுதான் இதற்குப் பதில். சுண்ணாம்புப் பூச்சுள்ள பழைய சுவருக்குச் சுண்ணாம்பே சரி. சிமெண்டுப் பூச்சுக்கு எமல்ஷன் நன்றாகவே உழைக்கும். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. முழுக்கச் சுரண்டினால்தான் உண்டு.

சுண்ணாம்பு தாளிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் வெண்மை கூடுதலாக இருக்கும். இரும்பு டிரம்மிலோ மண்தொட்டியிலோ முதலில் தண்ணீரை ஊற்றி, கல்லைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, சுண்ணாம்பு அதை அரித்துவிடும். போட்டதும் கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். கிளறுகிறவர் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கொதி அடங்கியதும் மூடிவைத்து, குறைந்தது ஒரு இரவு ஊறவிடுங்கள். இன்னும் சில நாள் ஊறினால் வெண்ணெய் போலாகும். பழைய வேட்டியில் வடிகட்டி, பால் பதத்துக்குத் தண்ணீர் சேர்த்து, கையில் ஒட்டாமல் இருக்கப் பசையோ அரிசிக் கஞ்சியோ கலந்து, கடைசியில் துளி நீலம் விடுங்கள். நீலம் கூடினால் சுவர் சாயம் போட்டதுபோல் ஆகிவிடும்; வாளிக்குச் சில சொட்டு போதும்.

சுவருக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, மட்டையால் முதல் கை குறுக்காக, அடுத்த கை நெடுக்காக, மெல்லியதாக மூன்று கை. அடித்ததும் ஒன்றுமே தெரியாது. பெயிண்ட் பழகிய கண் இன்னும் கெட்டியாக அடிக்கச் சொல்லும். பொறுங்கள். காயக் காயத்தான் வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. அதனால்தான் அடித்த மறுநாளைவிட மறு மாதம் வெள்ளை இறுகி நிற்கிறது. அதன் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. எங்கள் முன்கட்டு அந்தக் கோடைக்குப் பின் சுண்ணாம்புக்கே திரும்பிவிட்டது. பத்துப் பதினைந்து ஆண்டாக ஒரு கொப்புளமும் இல்லை.

எமல்ஷன் அடிக்கும் சுவரில், பணம் போகும் இடம் பெயிண்டல்ல, அதற்கு முந்திய வேலை. சுரண்டி, உப்புத்தாள் போட்டு, தூசி தட்டி, பிரைமர் கொடுத்து, பட்டி பார்த்து, மறுபடி உப்புத்தாள். இதில் ஒரு படியைத் தாண்டினால் எந்த விலைப் பெயிண்டும் காப்பாற்றாது. சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிட்ட பிறகே பிரைமர்.

அளவுக்குக் கணக்கு எளிது. 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. கதவுக்கு 21, இரண்டு சன்னலுக்கு 32 கழித்தால் 387. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி வரும் என்று டப்பாவில் போட்டிருக்கும். அது ஒரு கைக்கா இரண்டு கைக்கா என்று பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். கூலி பேசும்போது எத்தனை கை, பட்டி உண்டா, சாமான் யார் வாங்குவது என்பதைத் தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்வது பின்னால் மனவருத்தத்தைத் தவிர்க்கும். பெயிண்டருக்கும் அது நல்லது.

வண்ணத்தை அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிறு டப்பா வாங்கி, வெளிச்சம் விழும் சுவரிலும் எதிர்ச்சுவரிலும் இரண்டடி சதுரம் அடித்து, காலை, நண்பகல், விளக்கு வைத்த பின் என்று மூன்று வேளையும் பாருங்கள். வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் சந்தன நிறம் சாம்பல் பூத்துத் தெரியும். மஞ்சள் விளக்கில் அதே நிறம் உயிர்பெறும். முற்றத்து வெளிச்சத்தை மட்டும் நம்பியிருக்கும் கூடத்துக்கு வெள்ளை அல்லது வெண்மஞ்சள் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்வதில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்கு அடர்நிறத்தில் ஆசை இருந்தால், அவர்கள் படிக்கும் அறையில் ஒரு சுவரை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

கதவும் தரையும்

பழைய சன்னல் கம்பியிலும் கதவிலும் உள்ள எனாமல் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற இந்திய விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய பெயிண்டை உலர்ந்தபடி தேய்த்தால் தூசி வீடெங்கும் பரவும். தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைப் பயன்படுத்துங்கள், வேலை முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு இடத்தில் வையுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள். துருப்பிடித்த கம்பியில் துருவைச் சுரண்டிய அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும்.

தேக்குக் கதவில் பெயிண்ட் இருந்தால் எடுத்துவிட்டு எண்ணெய் கொடுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும். மழையில் உப்பி இறுகும் கதவை அப்போதே இழைக்காதீர்கள், கோடையில் இடைவெளி விழும்.

நிலையில் பிள்ளைகளின் உயரம் குறித்த கோடுகள் இருந்தால், வேலை தொடங்கும் முன்பே அதன்மேல் காகிதத்தை ஒட்டிவிட்டு, உப்புத்தாள் போடுகிறவரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் தங்கையின் ஏழு வயதுக் கோடு அப்படித்தான் பிழைத்தது.

தரைக்கு நான் சொல்வது குறைவு: ஆசிட் ஊற்றாதீர்கள். ரெட் ஆக்சைடு தரையும் ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்டால் ஆனவை, ஆசிட் அவற்றைத் தின்றுவிடும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தியது. மங்கியிருந்தால் வெறும் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் லேசாகத் துடைத்து, உலர்ந்த துணியால் வழுக்காதபடி ஒற்றியெடுங்கள். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும்.

வாசலும் சுற்றுச்சுவரும்

முன்வாசலை முழுக்க சிமெண்டாலும் கல்லாலும் மூடுவது இப்போது பரவலாகிவிட்டது. எனக்கு அதில் மிகுந்த வருத்தம். மண்ணில் இறங்க வழியற்ற மழைத்தண்ணீர் சுவரடியில்தான் போய் நிற்கும். தளம் போட்டே ஆக வேண்டுமென்றால் வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து, சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு முழ அகலம் மண்ணாக விடுங்கள். அந்த மண்ணில் நந்தியாவட்டை, செம்பருத்தி, ஒரு முல்லைக்கொடி போதும். வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணைக் குவித்துச் செடி வைக்காதீர்கள். தினமும் ஊற்றும் தண்ணீர் ஓதமாகவே ஏறும், கரையானுக்கும் அது பாதை.

வாசற்படிக்கு எனாமல் பெயிண்டில் நிரந்தரக் கோலம் வரைவது உங்கள் விருப்பம். ஆனால் ஈரத்தில் வழுக்கும். வயதானவர்கள் இறங்கும் படியில் வேண்டாம். திண்ணைக்குக் காவிப் பட்டையும் சுண்ணாம்புப் பட்டையும் மாற்றி மாற்றி அடித்தால் செலவு சொற்பம், தெருவே திரும்பிப் பார்க்கும்.

பரண் கதவில் எழுதுவது

வேலை முடிந்ததும் மிச்சப் பெயிண்டைச் சிறு டப்பாவில் இறுக மூடி, எந்த அறைக்கு என்று எழுதி, நிழலான இடத்தில் வையுங்கள். வண்ண எண்ணையும் மாதத்தையும் எத்தனை லிட்டர் ஆனது என்பதையும் வீட்டிலேயே ஓர் இடத்தில் எழுதுங்கள். எங்கள் பரண் கதவின் உட்புறத்தில் அப்பாவின் கையெழுத்து இன்னும் இருக்கிறது: ‘1984 தை, கூடம், கிளிஞ்சல் 2 மூட்டை, நீலம் 1 பாட்டில்.’ அதன்கீழ் நான் எழுதியவை, அதற்கும் கீழே போன பங்குனியில் என் மகள் எழுதியது: ‘பின்கட்டு வடக்குச் சுவர், ஓதம் 2 அடி. இந்த வருஷம் அடிக்கவில்லை. மழைக்குழாய் மாற்றியாச்சு. ஐப்பசியில் பார்க்கணும்.’